அமெரிக்க கிரீன் கார்டு: வேலூர்ப் பக்கத்து மணமக்கள் முதலில் சரிசெய்ய வேண்டியவை

கணவனோ மனைவியோ அமெரிக்காவில் இருக்கிறார், இன்னொருவர் காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ இருக்கிறார். கிரீன் கார்டு வரிசையில் எத்தனை மாதம் நிற்க வேண்டும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் வரிசை முனைக்குப் போன பிறகு, "இந்தச் சான்றிதழில் இருக்கும் பெயர் யாருடையது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது. அதனால் மனு போடும் முன் ஊரில் முடிக்க வேண்டிய வேலைகளை இங்கே விரிவாகச் சொல்கிறோம். அமெரிக்கப் படிவங்கள் அதற்குப் பிறகு.

யார் மனு போடலாம்?

அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் மட்டும்தான். மாப்பிள்ளை எச்-1பி விசாவில் இருந்தால் பெண்ணுக்கு எச்-4 (எச்-1பி வைத்திருப்பவரின் துணைக்கான விசா) கிடைக்கும், அவ்வளவுதான். அவர் இந்த வழியில் கிரீன் கார்டுக்கு மனு போட முடியாது. நிச்சயதார்த்தத்தில் "பையன் அமெரிக்காவில் செட்டில் ஆகிவிட்டான்" என்று சொன்னால், எந்த விசா என்று அன்றே கேட்டுவிடுவதில் தப்பில்லை.

மனு போடுபவர் குடிமகன் என்றால் ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பு கிடையாது. கிரீன் கார்டுதாரர் என்றால் எஃப்2ஏ என்ற பிரிவு. அதில் ஒதுக்கீடு உண்டு. மாதாமாதம் அமெரிக்க வெளியுறவுத்துறை வெளியிடும் விசா புல்லட்டினில் உங்கள் முன்னுரிமைத் தேதி (மனு போட்டுப் பதிவான நாள்) வரும்வரை காத்திருக்க வேண்டும். இடையில் அவர் குடியுரிமை பெற்றால் மனுவைக் குடிமகன் பிரிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒரு கொக்கி இருக்கிறது. எஃப்2ஏ-யில் குழந்தைகள் தாயின் அல்லது தந்தையின் மனுவிலேயே சேர்ந்து வருவார்கள். குடிமகன் பிரிவில் அப்படிச் சேர முடியாது, ஒவ்வொரு குழந்தைக்கும் தனி ஐ-130 (உறவினருக்காகப் போடும் மனுப் படிவம்) போட வேண்டும். இதைக் கவனிக்காமல் மாற்றினால் தாய்க்கு மட்டும் விசா வந்து நிற்கும்.

அக்கா மகள், மாமன் மகள், அத்தை மகன்

நம் பக்கத்தில் சொந்தத்தில் கட்டுவது சகஜம். திருமணம் நடந்த இடத்தில் சட்டப்படி செல்லுபடியாக இருக்க வேண்டும், தம்பதி குடியேறப் போகும் மாநிலத்தின் அடிப்படைக் கொள்கைக்கு எதிராகவும் இருக்கக் கூடாது என்பதே அமெரிக்கக் குடிவரவுத் துறையின் பொது அணுகுமுறை. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தை கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்கள் அனுமதிக்கின்றன. டெக்சாஸ் 2005-இல் தடை செய்தது. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டிய திருமணம் இதைவிடக் கடினம். ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் அதை ஏற்பதில்லை. இந்து திருமணச் சட்டத்திலும் வழக்கம் இருந்தால்தான் அதற்கு விலக்கு. இப்படிப்பட்ட உறவு என்றால் மனு போடும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பது கட்டாயம். உறவை மறைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இரு வீட்டுப் பெற்றோர் பெயர்களும் படிவத்தில் இருக்கும், நேர்காணலில் நேராகவே கேட்பார்கள். பொய் சொன்னது தெரிந்தால் அதுவே நிரந்தரத் தடைக்குக் காரணமாகலாம்.

போனிலோ வீடியோவிலோ நடந்த நிக்காஹ் பற்றியும் ஒரு வார்த்தை. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காதபோது இப்படி நடப்பதுண்டு. மணமக்கள் இருவரும் ஒரே இடத்தில் இல்லாமல் நடந்த திருமணத்தை, அதன் பிறகு அவர்கள் சேர்ந்து வாழ்ந்தால்தான் அமெரிக்கச் சட்டம் ஏற்கும். ஆகவே நிக்காஹ் தேதிக்குப் பிறகு அவர் ஊருக்கு வந்ததற்கு பாஸ்போர்ட் முத்திரை, விமான டிக்கெட் இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

பெயர்: இனிஷியலில் தொடங்கும் தலைவலி

ஓர் உதாரணம். பிறப்புச் சான்றிதழில் "கவிதா", தந்தை பெயர் முனுசாமி. பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் "எம். கவிதா". ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு "கவிதா சரவணன்". பாஸ்போர்ட்டில் கிவன் நேம் கவிதா, சர்நேம் காலி. நமக்கு இது ஒரே பெண். அமெரிக்கக் கணினிக்கு அப்படி இல்லை.

சர்நேம் காலியாக இருந்தால், இருக்கும் ஒரே பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டு, கிவன் நேம் இடத்தில் "எஃப்என்யு" என்று அச்சடிப்பார்கள், முதற்பெயர் தெரியாது என்ற பொருளில். விசாவில் வந்தது கிரீன் கார்டில் வரும், அங்கிருந்து ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். ஐ-130 போடும் முன்பே பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து, தந்தை பெயரையோ கணவர் பெயரையோ சர்நேமாக முழுசாக எழுதிவிடுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய். அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் வேலூரிலேயே இருப்பதால் இதற்காகச் சென்னை போக வேண்டியதில்லை.

தந்தை பெயரா, கணவர் பெயரா? தந்தை பெயர்தான் எளிது என்பது எங்கள் எண்ணம். பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் இருக்கும் இனிஷியல் அதுதானே. கணவர் பெயர் வேண்டுமென்றால் குடியுரிமை வாங்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

ஆங்கில எழுத்துக்கூட்டலையும் பாருங்கள். முனுசாமியின் "சாமி"யில் டபிள்யு வருகிறதா இல்லையா, லட்சுமியில் எக்ஸ் வருகிறதா கேஎஸ் வருகிறதா என்பதெல்லாம் இங்கே கணக்கில் வரும். எது பாஸ்போர்ட்டில் இருக்கிறதோ அதுவே எல்லாப் படிவத்திலும். மற்ற எழுத்துக்கூட்டல்களைப் படிவத்தில் "பயன்படுத்திய வேறு பெயர்கள்" என்ற கட்டத்தில் விடாமல் எழுதுங்கள். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் வாங்கும் உறுதிமொழிப் பத்திரம் துணைக்கு உதவும். சான்றிதழையே திருத்த முடிகிற இடத்தில் அதை மட்டும் நம்பாதீர்கள்.

பிறப்புச் சான்றிதழ்

வேலூர் நகரத்தில் பிறந்தவர்களுக்கு மாநகராட்சி, குடியாத்தம், ராணிப்பேட்டை போன்ற ஊர்களுக்கு அந்தந்த நகராட்சி. கிராமத்தில் பிறந்தவர்களின் பழைய பதிவுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேட வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு பிறப்புச் சான்றிதழ் ஆகாது, அது சிஎம்சி கொடுத்ததாக இருந்தாலும் சரி. பிறந்த தேதியோடு பதிவு எண்ணும் பதிவு தேதியும் இருக்கும் சான்றிதழ்தான் வேண்டும்.

எங்கே சறுக்கும்?

குழந்தையின் பெயர் இல்லாமல் "பெண்" என்று மட்டும் இருப்பது பழைய சான்றிதழ்களில் சாதாரணம். பெயரைச் சேர்க்கும் விண்ணப்பத்தை அதே பதிவாளரிடம் முதலில் கொடுங்கள்.

பள்ளியில் சேர்க்கும்போது வயது நிரம்ப வேண்டும் என்று ஆசிரியர் மே, ஜூனில் ஒரு தேதியை எழுதிவிட்டார், அதுவே பாஸ்போர்ட் வரை வந்துவிட்டது, பதிவேட்டிலோ வேறு தேதி. இதுதான் இருப்பதிலேயே மோசமான சிக்கல். பாஸ்போர்ட்டில் பிறந்த தேதியை மாற்றுவதற்கு நாளாகும், ஆகவே ஐ-130 அனுப்பும் முன்பே தொடங்குங்கள்.

வீட்டில் பிறந்து, பதிவே ஆகாமல் இருந்தால் இரண்டு வழி. கோட்டாட்சியர் உத்தரவு பெற்றுத் தாமதப் பதிவு செய்யலாம். அல்லது பதிவு இல்லை என்ற சான்றிதழை உரிய அலுவலகத்தில் வாங்கி, அதோடு தாய் தந்தையின், அவர்கள் இல்லையென்றால் பிறப்பை நேரில் அறிந்த நெருங்கிய உறவினரின் உறுதிமொழிப் பத்திரம் வைக்கலாம். தாமதப் பதிவு செய்தாலும் டிசி, பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட் ஆகியவற்றைத் துணைச் சான்றாக எடுத்துப் போங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பதிந்த பிறப்பைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

மாவட்டப் பெயரும் குழப்பும். 1989-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து, நம் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாகி, பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகின. அதனால் 1985-இல் வாலாஜாபேட்டையில் பிறந்தவரின் சான்றிதழில் வட ஆற்காடு, பாஸ்போர்ட்டில் வேலூர், இன்றைய முகவரியில் ராணிப்பேட்டை என்று மூன்று இருக்கும். இதில் எதையும் திருத்த வேண்டியதில்லை. படிவத்தில் பிறந்த ஊர் என்ற இடத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதி, மாவட்டம் பிரிந்த விவரத்தை இரண்டு வரியில் தனித் தாளில் வைத்தால் போதும்.

திருமணப் பதிவு: மாப்பிள்ளை விமானம் ஏறும் முன்

வள்ளிமலையிலோ ரத்தினகிரியிலோ தாலி கட்டியதற்கான கோயில் ரசீது, மண்டப ரசீது, ஜமாத் பதிவு, சர்ச் பதிவு எல்லாம் நல்ல துணைச் சான்றுகள். மனுவோடு வைக்க வேண்டியது சார்பதிவாளர் தரும் திருமணச் சான்றிதழ். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, நாள் வாங்கி, இருவரும் சாட்சிகளோடு நேரில் போக வேண்டும். மூன்று வார லீவில் வந்த மாப்பிள்ளை விருந்துகளிலேயே நாளைக் கழித்துவிட்டு, பதிவு செய்யாமல் விமானம் ஏறினால் அடுத்த லீவு வரை மனு நகராது. முகூர்த்தத்துக்கு அடுத்த வேலை நாளிலேயே போய்விடுங்கள். சான்றிதழில் பெயர், எழுத்துக்கூட்டல், திருமணத் தேதி மூன்றையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பதிவு செய்த தேதியைத் திருமணத் தேதி என்று நினைத்து படிவத்தில் எழுதுபவர்கள் நிறைய பேர். தாலி கட்டிய நாளே திருமணத் தேதி.

முன்பு திருமணமாகிப் பிரிந்தவர் என்றால், இந்துத் திருமணத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பாணை வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிய விடுதலைப் பத்திரத்தை வைத்து மனுவைக் கொண்டுசெல்லப் பார்க்காதீர்கள்.

தமிழில் மட்டும் இருக்கும் எந்த ஆவணத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இரு மொழியும் நன்றாகத் தெரிந்த யாரும் செய்யலாம். கீழே, மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, இதைச் செய்யத் தனக்குத் தகுதி உண்டு என்று எழுதி, பெயர், முகவரி, தேதி, கையெழுத்துப் போட வேண்டும். மனுவில் சம்பந்தப்பட்டவர் செய்யாமல் இருப்பது நல்லது.

ஐ-130

இதை அமெரிக்காவில் இருப்பவர்தான் போட வேண்டும். ஆன்லைனில் 625 டாலர், தாளில் அனுப்பினால் 675 டாலர் (2024 ஏப்ரலில் வந்த கட்டணம், போடும் அன்று இணையதளத்தில் சரிபாருங்கள்). கூடவே ஐ-130ஏ. வேலூரில் இருக்கும் துணையின் விவரங்கள் அதில் வரும். அவர் வெளிநாட்டில் இருப்பதால் கையெழுத்துத் தேவையில்லை.

அடுத்தது, திருமணம் உண்மையானது என்பதற்கான சான்று. பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்தில் கூட்டு வங்கிக் கணக்கோ, இருவர் பெயரில் வாடகை ஒப்பந்தமோ இருக்காது. அதற்கு அலட்டிக்கொள்ள வேண்டாம். பெண் பார்த்ததிலிருந்து இன்று வரை நடந்ததை ஒரு பக்கத்தில் தேதிவாரியாக எழுதுங்கள். அதன் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சான்று: நிச்சயதார்த்தப் படம், கல்யாணப் பத்திரிகை, மண்டப ரசீது, அவர் வந்துபோன விமான டிக்கெட்டுகள், அனுப்பிய பணம், காப்பீட்டில் நாமினி பெயர், மாதத்துக்குச் சில பக்கம் வாட்ஸ்அப் உரையாடல். 600 படங்களுள்ள ஆல்பத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். 15, 20 படங்கள் போதும். மேடையில் மாலையோடு நிற்பது மூன்று இருந்தால், மீதி இரு வீட்டாரும் சேர்ந்திருப்பவையாக, வெவ்வேறு நாள்களில் எடுத்தவையாக இருக்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார் என்று எழுதுங்கள்.

ஏஜென்ட் வழியாகப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மனு போடும் ஆன்லைன் கணக்கில் உங்கள் மின்னஞ்சலும் உங்கள் பாஸ்வேர்டும்தான் இருக்க வேண்டும். ஏஜென்ட் தன் மின்னஞ்சலைப் போட்டுவிட்டால், கூடுதல் ஆவணம் கேட்டு வரும் கடிதம் அவருக்குத்தான் போகும், கெடு உங்களுக்கு.

என்விசி கட்டம்

மனு ஏற்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா மையத்துக்கு (என்விசி) போகும். விசா கட்டணம் 325 டாலர், ஆதரவுப் பத்திரத்துக்கு 120 டாலர். இரண்டையும் அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட முடியும். பிறகு டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பப் படிவம். 16 வயதிலிருந்து வாழ்ந்த எல்லா முகவரியும் கேட்பார்கள். காட்பாடிக் கல்லூரி விடுதி, சென்னை பிஜி, பெங்களூர் வாடகை அறை எதையும் விடாதீர்கள். ஐந்தாண்டுச் சமூக ஊடகக் கணக்குகளும் அதில் வரும். ஓராண்டு எதுவும் செய்யாமல் விட்டால் கோப்பை மூடிவிடுவார்கள்.

ஆதரவுப் பத்திரம் என்பது ஐ-864, வரும் துணையைத் தன் வருமானத்தில் பராமரிப்பதாக மனு போட்டவர் தரும் உறுதி. மனு போட்டவரின் வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும். 2025 அளவின்படி இரண்டு பேர் குடும்பத்துக்கு அது 26,437 டாலர். வருமானம் போதாவிட்டால், வருமானம் உள்ள வேறொரு குடிமகனோ கிரீன் கார்டுதாரரோ கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்துப் போடலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் அமெரிக்காவில் வசிப்பவராக இருக்க வேண்டும். சத்துவாச்சாரியில் இருக்கும் மாமனாரின் வீடும் நிலமும் எத்தனை கோடி பெறும் என்றாலும் அவர் ஸ்பான்சர் ஆக முடியாது. குடிமகனே இப்போது வேலூரில் குடியிருந்தால் இன்னொரு வேலை உண்டு: அமெரிக்காவுக்குத் திரும்பி வாழப் போவதை வேலை வாய்ப்புக் கடிதம், வீட்டு ஒப்பந்தம், வங்கிக் கணக்கு போன்றவற்றால் காட்ட வேண்டும்.

போலீஸ் சான்றிதழ் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வரும் பிசிசி. கட்டணம் 500 ரூபாய். உள்ளூர்க் காவல் நிலையம் தரும் நன்னடத்தைக் கடிதம் அதற்கு ஈடாகாது. ஐ-130 போட்ட அன்றே ஆர்வத்தில் வாங்கிவிடாதீர்கள். இரண்டாண்டில் காலாவதியாகும், நேர்காணல் அதற்குள் வருமா என்பது தெரியாது. சவுதி, துபாய், குவைத் என்று எங்காவது 12 மாதம் இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றிதழும் வேண்டும். அதற்குத்தான் நாளாகும், அதை முதலில் தொடங்குங்கள். கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் ராணுவத்தில் இருந்து வந்தவர்கள் அதிகம். அவர்களுக்குப் படைப்பணி விடுவிப்பு ஆவணமும் தேவைப்படும்.

மருத்துவப் பரிசோதனை

தூதரகம் அங்கீகரித்த மருத்துவர்கள் பட்டியலில் இருப்பவரிடம் செய்த பரிசோதனைதான் செல்லும். நமக்கு அருகில் சென்னை. பழைய சிகிச்சைக் கோப்புகள் மட்டும் கூடவே வரட்டும். காசநோய்க்கு எப்போதாவது மருந்து எடுத்திருந்தால் எந்த மருந்து, எத்தனை மாதம், முடித்த தேதி, பழைய எக்ஸ்ரே எல்லாம் வேண்டும். 15 வயதுக்கு மேல் எல்லோருக்கும் மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். பழைய தழும்பு தெரிந்தாலும் மூன்று நாள் சளி எடுத்துக் கல்ச்சர் வைப்பார்கள், முடிவு வர எட்டு வாரம் ஆகும். சிகிச்சையை மறைப்பதில் பயனில்லை, தழும்பு எக்ஸ்ரேயில் இருக்கும். தடுப்பூசி அட்டை இல்லையென்றால் அம்மை, டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி போன்றவற்றை மறுபடி போட வேண்டிவரும். கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரேக்கு முன் சொல்லிவிடுங்கள்.

மும்பை நேர்காணல்

குடும்ப வழி குடியேற்ற விசாவுக்கு நேர்காணல் மும்பைத் துணைத் தூதரகத்தில், பாந்த்ரா குர்லா வளாகத்தில். கைரேகைக்கு முன்னதாகத் தனி நாள் உண்டு. ரயிலில் போகிறவர்கள் சென்னை–மும்பை வண்டிகளை அரக்கோணத்தில் பிடிக்கலாம். நேர்காணலுக்கு முதல் நாளே மும்பையில் இருக்கும்படி கிளம்புங்கள். பதிவேற்றிய ஒவ்வொரு ஆவணத்தின் அசலும் கையில் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் போதாது.

கணவரின் வேலை என்ன, எந்த ஊர், அவருக்கு எத்தனை உடன்பிறந்தவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு எத்தனை முறை வந்தார், யார் வரன் பார்த்தது என்ற அளவில்தான் கேள்விகள் இருக்கும். மனப்பாடம் செய்து ஒப்பித்தால் தெரிந்துவிடும். புரியாத கேள்விக்கு "ஆமாம்" என்று தலையாட்டுவதுதான் ஆபத்து. மறுபடி கேட்கச் சொல்லுங்கள், ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள்.

221(ஜி) என்று போட்ட சீட்டைக் கொடுத்தால் பதற வேண்டாம். ஏதோ ஓர் ஆவணம் குறைகிறது, அல்லது இன்னும் சரிபார்க்கிறார்கள் என்று அர்த்தம். என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அதை மட்டும், சொன்ன முறையில் கொடுங்கள்.

விசா வந்த பிறகு

பயணத்துக்கு முன் குடியேற்றக் கட்டணம் 235 டாலரை ஆன்லைனில் கட்டுங்கள், கட்டாவிட்டால் கார்டு அச்சாகாது. டிஎஸ்-260-இல் கேட்டிருந்தால் சமூகப் பாதுகாப்பு எண் தனியாகத் தபாலில் வரும். விமான நிலையத்தில் முத்திரை குத்திய விசாவே ஓராண்டுக்குக் கிரீன் கார்டாகச் செல்லும். வீடு மாறினால் பத்து நாளுக்குள் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும்.

குடிமகனின் துணை, கல்யாணமாகி இரண்டாண்டு நிறையும் முன் உள்ளே நுழைந்தால் சிஆர்1, கார்டு இரண்டாண்டுக்குத்தான். நிறைந்த பிறகு நுழைந்தால் ஐஆர்1, பத்தாண்டுக் கார்டு. விசாவில் சிஆர்1 என்று இருந்தாலும், இரண்டாண்டு நிறைவு நாளுக்குப் பிறகு நுழைந்தால் ஐஆர்1 ஆகப் பதியும்படி அங்குள்ள அதிகாரியிடம் கேளுங்கள், திருமணச் சான்றிதழைக் கைப்பையில் வைத்திருங்கள். விசா காலாவதிக்கு முன் அந்த நாள் வருகிறதென்றால் பயணத்தைச் சில நாள் தள்ளிப்போடுவது லாபம்.

இரண்டாண்டுக் கார்டு வாங்கியவர்கள், அது முடியும் முன் வரும் 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 (கார்டின் நிபந்தனையை நீக்கக் கேட்கும் மனு) போட வேண்டும். அதற்குக் கல்யாணப் படங்கள் போதாது, சேர்ந்து குடும்பம் நடத்தியதற்கான ஆவணங்கள் வேண்டும். போய்ச் சேர்ந்த முதல் மாதமே வங்கிக் கணக்கு, வீட்டு ஒப்பந்தம், மருத்துவக் காப்பீடு, கரண்ட் பில் ஆகியவற்றில் இரண்டு பெயரையும் சேர்த்துவிடுங்கள். வருமான வரியையும் கணவன் மனைவி என்று சேர்த்தே தாக்கல் செய்யுங்கள்.